ஐந்தாம் பக்கத்து வரைபடம்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் கலைத்தாகம், உள்ளொளி என்றெல்லாம் காரணம் சொல்லப் போவதில்லை. எங்கள் உப்பு உற்பத்தியாளர் சங்கத்தின் செயலாளர் தேவநாதன் போன வாரம் என் கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்து போட்டுக் குடும்மா, போதும்" என்றார். அந்த ஒரு வரியை எழுத முடியாததால்தான் இத்தனை வரி எழுதுகிறேன். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இன்றைக்குச் செவ்வாய்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் பெயர் அருள்மொழி. மரக்காணத்துக்காரி. ஒரு மாயாஜால நாவல் எழுதி, எந்தப் பதிப்பகமும் சீண்டாததால் நானே வெளியிட்டேன். பெயர் 'வரப்பு நடக்கும் நாடு'. அதன் ஐந்தாம் பக்கத்தில் அந்த நாட்டின் வரைபடம் இருக்கிறது. நான் வரைந்தது. அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் எங்கள் பக்கத்து உப்பளத்துக்காரர் அமராவதி, என் அப்பா பஞ்சநாதன் மேல் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறார். வரைபடம் நிஜமா, கற்பனையா என்று நான் எழுதித் தர வேண்டும். கற்பனை என்றால் தண்ணீர் திறக்கிற மதகு அப்பாவிடமே இருக்கும். நிஜம் என்றால் அது அமராவதி அத்தைக்குப் போகும், அப்பாவின் பேரும் போகும்.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் முதலில் சிரித்தேன்.

2

எங்கே தொடங்குவது என்று மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'மரக்காணம் உப்பளத்தில் பங்குனி வெயில் வெள்ளை வெளேரென்று—'

வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்தி, உப்புக் குவியலுக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதைவிட நன்றாக எழுதுவார்கள்.

'சின்ன வயதிலிருந்தே எனக்குக் கற்பனை அதிகம். கடலும் காற்றும் என் காதில்—'

இது பச்சைப் பொய். ஆனால் புத்தகத்தின் பின்னட்டையில் இதைத்தான் போட்டிருக்கிறேன். (இணையக் கூட்டம் ஒன்றில் ஒருவர், உங்கள் நாவலுக்கான உந்துதல் எது என்று கேட்டார். பெருமுக்கல் மலைமேல் நின்று கீழே பார்த்தபோது ஒரு ராஜ்ஜியம் தெரிந்தது என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த மலைக்கு நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், அன்றைக்கு எனக்குக் கால்வலிதான் தெரிந்தது.)

'என் அப்பா ஒரு—'

இதற்கு மேல் கை ஓடவில்லை. அந்த வரியை அடிக்கவும் மனசு வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

3

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கணினி மையத்தில் வேலை செய்கிறேன். பட்டா, சிட்டா, சாதிச் சான்றிதழ், ஆதார் திருத்தம் எல்லாவற்றுக்கும் அங்கேதான் கூட்டம். ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் செல்போனில் தட்டியதுதான் என் நாவல். நாலரை வருஷம். ராஜாவின் பட்டாபிஷேகத்துக்கு நடுவில் எழுந்துபோய் எத்தனை ரேஷன் கார்டு ஸ்கேன் செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டு வாய் திறக்கவில்லை. மூன்றாவதிலிருந்து ஒருவர் போன் செய்து அன்பாகத்தான் பேசினார்.

"உப்பளத்துலேருந்து எழுத வர்றீங்க. உங்க மக்களோட வலியை எழுதுங்கம்மா. இந்த ராஜா, மந்திரம், ரெண்டு தலை நாரை எல்லாம் எதுக்கு?"

"ஏன் சார், உப்பளத்துல பொறந்தவளுக்கு ரெண்டு தலை நாரை தோணக்கூடாதா?"

"தோணலாம். விக்காது."

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே இணையத்தில் நாமே புத்தகம் வெளியிடும் தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கிவிட்டேன். அட்டைப்படம் செல்போனிலேயே செய்தேன். முதல் தடவை ஏற்றியபோது எழுத்துரு உடைந்து, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் கட்டம் கட்டமாக வந்தது. மூன்றாவது தடவை சரியானது. மாயாஜால நாவல் என்றால் முன்னால் ஒரு வரைபடம் வேண்டும் என்று ஆசை. ஏ-ஃபோர் தாளில் பால்பாயின்ட் பேனாவால் ஒரே மூச்சில் வரைந்தேன், ரப்பரே தேவைப்படவில்லை. எங்கள் மையத்து ஸ்கேனரில் வைத்து எடுத்தேன். புதுச்சேரியில் கொடுத்து ஐம்பது பிரதி அச்சும் போட்டேன். சொந்தச் செலவில் சூனியம் என்று சொல்வார்களே, அதற்கு அட்டைப்படம், வரைபடத்தோடு ஒரு பதிப்பு கொண்டுவந்தவள் நான்தான்.

அப்பாவிடம் ஒரு பிரதி கொடுத்தேன். புரட்டாமலே திருப்பித் தந்தார்.

"இதெல்லாம் நெசமா?"

"இல்லப்பா, கதை."

"நெசமில்லாதத எவன் படிப்பான்?"

4

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கம் சொல்லியே ஆக வேண்டும். கட்டுரை வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர். பாத்தி எது, வரப்பு எது என்று கண்ணுக்குத் தெரியாது. பொங்கல் கழிந்து தண்ணீரை வடித்த பிறகு, சேற்றை அள்ளி வரப்புகளைப் புதிதாகப் போடுவோம். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவோம். வருஷா வருஷம் இதே வேலைதான். இரண்டு வீட்டு நிலத்துக்கு நடுவே வருகிற வரப்புக்கு மட்டும் ஒரு முறை உண்டு. ஒரு முனையில் இந்த வீட்டு ஆள், மறுமுனையில் அந்த வீட்டு ஆள், நடுவில் கயிறு. இரண்டு பேரும் சரி என்று சொன்ன பிறகுதான் கயிற்றடியில் மண் விழும். கல் நடுவதில்லை, காகிதம் கிடையாது. மொத்த நிலத்துக்குத்தான் குத்தகைப் பத்திரம். உள்ளே யாருடையது எதுவரை என்பது அந்தக் கயிற்றில் இருக்கிறது.

எங்களுக்கும் அமராவதி அத்தைக்கும் நடுவில் அப்படி ஒரு வரப்பு. அதன் ஓரத்தில் ஒரு மதகு. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து வாய்க்காலில் வருகிற உப்புத்தண்ணீரை அந்த மதகைத் திறந்துதான் பாத்திக்குள் விட வேண்டும். மதகு யார் பக்கமோ அவர்கள் பாத்தி முதலில் நிறையும், அவர்கள் உப்புதான் முதலில் விளையும். இன்றைக்கு அது எங்கள் பக்கம் இருக்கிறது. என் நாவலின் ஐந்தாம் பக்கத்தில், பேராசைக்கார ராஜாவுக்கும் விதவை ராணிக்கும் நடுவே ஒரு வரப்பு. அங்கே மதகு ராணியின் பக்கம்.

புத்தகம் வெளிவந்து ஏழு மாதத்தில் அந்தத் தளத்தில் ஒரே ஒரு விமர்சனம் வந்தது. எழுதியவன் அமராவதி அத்தையின் மகன் பிரபாகரன். புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை, போகவர இரண்டு மணி நேரம் பஸ், அதில் படித்திருக்கிறான். ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தான்.

'செம்ம கதை அக்கா. நம்ம ஊரு அப்படியே இருக்குது. மேப்புல மதகு எங்க பக்கம் இருக்குது, எங்கம்மா ஒரு காலத்துல சொன்ன மாதிரியே.'

அதைப் படித்துவிட்டு நான் சந்தோஷத்தில் கடைக்காரர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். முதல் பாதியை மட்டும்தான் படித்திருக்கிறேன் போலிருக்கிறது.

5

இரண்டு வாரம் கழித்து அமராவதி அத்தையே எங்கள் மையத்துக்கு வந்தார். பையிலிருந்து என் புத்தகத்தை எடுத்தார். ஐந்தாம் பக்கத்தில் மடித்து வைத்திருந்தார்.

"இத அஞ்சு காப்பி போடும்மா."

"எதுக்கு அத்தை?"

"சங்கத்துல குடுக்கணும்."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. புத்தகத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, பட்டனை அழுத்தினேன். முதல் பிரதி வெளியே வந்தபோதுதான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ராஜா, ராணி, நாரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அது எங்கள் நிலம். வாய்க்காலின் வளைவு, பனைமரம், பம்புசெட் இருக்கிற மேடு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அத்தை, இது கதைப் புஸ்தகம். நானா வரைஞ்சது."

"நீயாதான் வரைஞ்ச. தெரியாமலா வரைஞ்ச?"

அவர் கோபமாக இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்காரரு தனக்கோடி செத்த வருசம், பொங்கலுக்கு அப்புறம் போய்ப் பாத்தா மதகு உங்க பக்கம் இருக்குது. நான் சொன்னேன். யாரும் நம்பல. புருசன் போன துக்கத்துல புத்தி கொழம்பிடுச்சு, அடையாளம் தெரியலன்னு சொன்னாங்க. உங்கப்பாவும்தான் சொன்னாரு, தன்மையாதான் சொன்னாரு. கொஞ்ச நாள்ல நானே நம்பிட்டேன் அருளு. இருவது வருசமா, நமக்குத்தான் மண்ட சரியில்லன்னு நெனச்சிக்கினே அவருகிட்ட போய் 'தண்ணி விடுண்ணே, தண்ணி விடுண்ணே'ன்னு நின்னிருக்கேன்."

பிரதிகளை வாங்கி அடுக்கினார்.

"போன வாரம் ஒரு ராத்திரி புள்ள இந்தப் படத்தக் காட்டினான். எனக்கு ஒண்ணும் ஆவலன்னு அப்பதான் தெரிஞ்சுது."

என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அது ஏன் என்று ஏழாம் பகுதியில் சொல்கிறேன். நேராக அங்கே தாண்டிப் போய்விடாதீர்கள். அதற்குமுன் அப்பாவைப் பார்க்க வேண்டும்.

6

அப்பா என்ற பாத்திரம் எனக்கு அமையவில்லை.

வில்லனாக எழுதிப் பார்த்தேன். 'பஞ்சநாதன் அற்பமாகச் சிரித்தார்—' அப்பா அற்பமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. அமராவதி அத்தை கேட்டு ஒரு நாள்கூட அவர் தண்ணீர் இல்லை என்று சொன்னதில்லை. தன் பாத்தி நிறைந்த பிறகுதான் விடுவார், ஆனால் விடுவார். பிரபாகரனைக் கல்லூரியில் சேர்க்கத் திண்டிவனம் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். சரி, நல்லவராக எழுதலாம் என்றால், 'பஞ்சநாதன் தெரியாமல் செய்த ஒரு—' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். தெரியாமல் இல்லை.

புகார் வந்த பிறகு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அப்பா என் புத்தகத்தைப் படித்தார். விரலை வரிக்கு வரி நகர்த்தி மூன்று நாள் படித்தார். வேலைக்கும் போகவில்லை. நான் சமையலறைக்கும் கூடத்துக்குமாக எத்தனை நடை நடந்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று எட்டிப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தேன். ஒரு எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. கடைசிப் பக்கத்தை மூடி வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"நல்லாதான் எழுதியிருக்க."

எட்டு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அப்போது பயமாக இருந்தது.

"அந்த ராசா கடைசில செத்துப்போறான் இல்ல?"

"ஆமாம்பா."

"அவன் தள்ளி வச்ச வரப்பே அவன சுத்திவந்து மூடிடுது."

"ம்."

"அவ்ளோ பெரிய தப்பா அது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ராஜாவை எழுதும்போது அப்பாவை நான் நினைக்கவே இல்லை. நினைத்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ரெண்டு வருசமா நமக்கு வெளச்சலே இல்ல. தனக்கோடியும் போயிட்டான், அவ எங்க வந்து உப்பு வாரப்போறான்னு நெனச்சேன். அடுத்த வருசம் மாத்திடலாம்னுதான் இருந்தேன். அடுத்த வருசம் அவளே வந்து 'தண்ணி விடுண்ணே'ன்னு கேட்டுட்டா. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்.

"கதைன்னு எழுதிக் குடுத்துடு அருளு. கதைதானே அது?"

நாலாம் பக்கத்தில் நானே அச்சடித்திருக்கிறேன்: 'இந்நாவலில் வரும் இடங்களும் நிகழ்வுகளும் முழுக்கக் கற்பனையே.' தேவநாதன் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். "நாலாம் பக்கத்துல கற்பனைன்னு போட்டிருக்குது, அஞ்சாம் பக்கத்துல மேப்பு. நாலு பெருசா, அஞ்சு பெருசா? நீயே சொல்லிடும்மா" என்கிறார். நாலாம் பக்கத்தை நான் வேறு ஒரு புத்தகத்தைப் பார்த்து, சும்மா எழுதினேன். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறதே என்று போட்டது. என் நாவலில் நான் யோசிக்காமல் எழுதிய ஒரே வரி அது.

7

இப்போது உந்துதல் எது என்று சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறு, தை மாதம். எனக்குப் பதினொரு வயது. தனக்கோடி மாமா மஞ்சள் காமாலையில் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அத்தை வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, பிரபாகரனுக்கு ஐந்து வயது. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

சேறு முழங்கால் வரை. கயிற்றின் முனையை என் கையில் சுற்றிவிட்டு, அப்பா தூரத்தில் போய் நின்றார். நான் மதகுக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம் நின்றிருந்தேன். அதுதான் பழைய இடம். வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

"இன்னும் தள்ளிப் போ."

போனேன்.

"இன்னும்."

"மதகு வந்துடுச்சுப்பா."

"தாண்டிப் போ."

மதகைத் தாண்டி எட்டு அடி வைத்தேன். எண்ணிக்கொண்டே வைத்தேன்.

"சரியாம்மா?" என்று கத்தினார். முறை அது. மறுமுனையில் நிற்கிறவர் சரி என்று சொன்னால்தான் மண் விழும். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, பெரியவர்களைக் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டாரே என்று.

"சரி" என்றேன்.

திரும்பி வரும்போதுதான் கேட்டேன், வரப்பு ஏன்பா இடம் மாறிச்சு என்று. அப்பா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நடந்தார். பிறகு சொன்னார்: "மழை பெஞ்சா வரப்பு நடக்கும்மா. நாம அது கூடவே போவணும்."

நான் அதை நம்பினேன். பல நாள் மழையில் கொல்லைப்பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வரப்பு நடக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். நடக்கிற வரப்பு, அதன்மேல் நடக்கிற நாரை, அந்த நாரைக்கு ஏன் இரண்டு தலை, இப்படித்தான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. மூன்று பதிப்பகமும் சீண்டாத என் மொத்த ராஜ்ஜியமும் என் அப்பா சொன்ன ஒரு பொய்யிலிருந்து கிளம்பியது. அந்தப் பொய்க்கு அமராவதி அத்தையின் முனையில் நின்று சரி என்று சொன்னவள் நான்.

ஊரெல்லாம் அவருக்குப் புத்தி கொழம்பிவிட்டது என்று சொன்னபோது நான் பத்தாவது படித்தேன், பன்னிரண்டாவது படித்தேன், கல்லூரிக்குப் போனேன். வரப்பு நடக்காது என்று எனக்கு எப்போது தெரிந்தது? அந்தத் தேதியை மட்டும் எவ்வளவு தோண்டினாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாவல் எழுதத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல், ராணி என்றும் ராஜா என்றும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கக்கேடு. இதற்கு வேறு அழகான சொல் தேட மாட்டேன்.

8

முடிவுகள்.

முதல் முடிவு: தாளில் 'கற்பனை' என்று எழுதுகிறேன். அப்பா தப்பிக்கிறார். அமராவதி அத்தைக்கு மறுபடியும் புத்தி கொழம்புகிறது.

இரண்டாவது: 'நிஜம்' என்று எழுதுகிறேன், சிறு வயதில் பார்த்த நினைவு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். கயிறு பிடித்ததைச் சொல்வதில்லை. அப்பா மட்டும் குற்றவாளி, நான் உண்மையைச் சொன்ன எழுத்தாளர். அறுபத்தெட்டு வயது மனுஷனைக் காட்டிக் கொடுத்துவிட்டு மாலை வாங்கிக்கொள்கிற முடிவு. தூ.

மூன்றாவது: தாளை வெள்ளையாகவே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே நடக்கிறேன். இலக்கியக் கூட்டத்தில் கைதட்டுவார்கள். மதகு இருந்த இடத்திலேயே இருக்கும்.

நாலாவது—

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நாலாவது முடிவை நான் எழுதப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் கதையையும் அதே தளத்தில்தான் ஏற்றப் போகிறேன். நான் எதை ஏற்றினாலும் என்னைப் பின்தொடர்கிறவர்களுக்கு உடனே தகவல் போகும். என் பக்கத்தில் 'பின்தொடர்பவர்கள்' என்று இருக்கிறது, அதற்கு நேரே ஒன்று என்று போட்டிருக்கிறது. இவ்வளவு நேரம் உங்களை 'நீங்கள்' என்று மரியாதையாக எழுதிக்கொண்டு வந்தேன். போதும். பிரபாகரா, உன்னிடம்தான் பேசுகிறேன். பஸ்ஸில் இடம் கிடைத்ததா?

தம்பி, நான் தைரியசாலி இல்லை. வியாழக்கிழமை அப்பா என் பக்கத்தில் வந்து நின்றால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால், என் கை 'கற்பனை' என்று எழுதிவிடும். அந்தக் கையைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இன்றைக்கே இதை உனக்கு அனுப்புகிறேன். நாளைக்கு உனக்குப் போன் போட்டு, அது வெறும் கதைடா, அம்மாகிட்ட காட்டாதே என்று நான் கெஞ்சினாலும் கெஞ்சுவேன். அப்போது என்ன செய்வது என்பதை நீ முடிவு செய்துகொள்.

காட்டாமல் இருந்தால் உன்னை ஏன் என்று கேட்க மாட்டேன். திண்டிவனத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனவர் என் அப்பா. அது உனக்கும் தெரியும். காட்டுவதாக இருந்தால், ராணி கதையெல்லாம் வேண்டாம், ஏழாம் பகுதியை மட்டும் அத்தைக்கு வாசித்துக் காட்டு. 'சரி' என்று நான் சொன்ன இடத்தை விழுங்கிவிடாதே. மதகு எந்தப் பக்கம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய முனையில் அன்றைக்கு யார் நின்றார்கள் என்பதுதான் இன்னும் தெரியாது.

கேட்டுவிட்டு அத்தை என்ன சொன்னாங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லு.